சாளரம் சாத்திய நாட்கள்

நோய்க்கு அஞ்சி மனிதரை மனிதர் அடைத்துவைக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கலாசாலையில் வேதபாட வகுப்பிற்கு ஒழுங்காகச் சென்றோர் லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரத்தை நினைவிற் கொண்டிருத்தல் கூடும். மேனியில் ஐயத்துக்கிடமான குறி கண்டவனை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்த்தல் வேண்டும். தெளிவு பிறவாதாயின் பின்னும் ஏழு நாள் அடைத்துவைத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஏழும் ஏழும் பதினான்கு. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் எம் வீட்டு வாயிற்கதவில் ஒட்டப்பெற்ற தாளிலும் பதினான்கு நாள் என்றே எழுதியிருக்கக் கண்டபோது, இடையே எத்தனையோ நூற்றாண்டு கழிந்தும் கணக்கு மாறவில்லையே என்று யாம் வியந்தோம். வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் விலக்கி நிறுத்தினமையால், அந்நாட்டு மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இவ்வழக்கத்திற்குப் பெயராயிற்று. நம் தமிழ் மக்களுக்கும் இது புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற ஏழைகள் மண்டபம் முகாமில் நாட்கணக்காய் நிறுத்தப்பெற்று, அம்மையும் பேதியும் இலராதல் தெளிந்த பின்னரே கப்பலேற விடப்பெற்றனர். அவர்களுக்குத் தாம் எதற்காக நிறுத்தப்பெற்றோம் என்பதை எடுத்துரைத்தவர் எத்தனை பேரோ! எமக்கோ அதனை அறிந்துகொள்ளக் கையில் ஒரு கைப்பேசியும், பதினான்கு நாள் ஓய்வும் இருந்தன. அறிந்தவாறும், அறிந்தும் பிழைத்தவாறும் ஈண்டு எழுதுகின்றோம்.

அண்ணனூர், சென்னைக்கு மேற்கே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது. ஊரை அறியாதாரும் அங்குள்ள மின்வண்டிப் பணிமனையை அறிவர். புறநகர் மின்வண்டிகள் வைகறையில் ஒன்றன்பின் ஒன்றாக அங்கிருந்து புறப்படும் ஓசையே எம் தெருவினர்க்குக் கோழி கூவுதல். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாளுக்குப் பின் அவ்வோசை நின்றது. அதற்குச் சில நாள் முன்னரே கலாசாலை மூடப்பட்டமையால், பௌதிக வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த யாம் விடுதியை விட்டு வீடு வந்து சேர்ந்திருந்தோம். வீட்டில் தாய் தந்தையரும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமையனாரும், யாம் ஆயா என்றழைக்கும் பாட்டியாருமாக ஐவர். ஓர் உள்ளறை, ஒரு கூடம், ஓர் அடுக்களை, இவையே வீடு.

ஏப்ரல் மாத இறுதியில் கோயம்பேட்டு அங்காடியில் நோய் பரவியதும், மே மாதம் 5-ஆம் நாள் அவ்வங்காடி மூடப்பட்டுக் காய்கறி வாணிகம் எம் மேற்றிசைப் புறநகராகிய திருமழிசைக்கு வந்து சேர்ந்ததும் பலரும் அறிந்தனவே. அதன்பின் எம் பகுதியில் கீரைக்கட்டு வாங்குவோரும் அதனைப் பகைவன் போல் நோக்கினர். எம் வீட்டில் காய்கள் யாவும் மஞ்சள் நீரில் மூழ்கின. நாணயங்கள் சவுக்காரத்தில் ஊறின. இவ்வளவும் எம் ஏற்பாடே. படித்தவர் சொல் என்று வீட்டார் மறுப்பின்றிக் கேட்டனர். அக்கீழ்ப்படிதலே பின்னர் எம்மைப் பெரிதும் வருத்தியது.

ஜூன் மாதம் 9-ஆம் நாள் தமையனார்க்குச் சிறிது உடல் வெதுவெதுப்பு. மறுநாள் உணவருந்துகையில், "அம்மா, இன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா?" என்று கேட்டார். தெருக்கோடி வரையில் மணந்துகொண்டிருந்த ரசம் அது. அன்னையார் முகம் வெளுத்தது. அன்றே சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம்; 12-ஆம் நாள் உண்டு என்று விடை வந்தது. அண்ணனூரில் முதலில் அண்ணனுக்கா வரவேண்டும் என்று அயலார் ஒருவர் சிலேடை பேசினராம். மற்றொரு காலமாயின் யாமும் நகைத்திருப்போம். நோய் கடுமையன்று ஆகலின் உள்ளறையிலேயே தனித்திருக்குமாறு பணித்தனர். எஞ்சிய நால்வரும் வெளியே வரலாகாதென வாயிலில் தகரத்தட்டி அடித்தனர்.

தெருவினர் சிலர், நோயாளியை வீட்டில் வைத்தல் தகாது, முகாமுக்கு அனுப்புக என்றனர். அவர்க்கு விடை கூறற்பொருட்டே யாம் முதன்முதல் படிக்கத் தொடங்கினோம். க்ஷயரோகம் பற்றிச் சென்னையிலேயே நடந்து, 1959-ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் பேர்பெற்ற ஓர் ஆராய்ச்சி எமக்கு அகப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்டோர் ஆரோக்கிய நிலையத்திற் கிடந்து மருந்துண்டோரோடு ஒப்ப நலமெய்தினர் என்பதும், அதனால் வீட்டார்க்கு நோய் மிகவில்லை என்பதும் அதன் முடிபு. இதனைத் தகரத்தட்டிக்கு இப்புறம் நின்று யாம் உரத்துப் பேசினோம். கேட்டவர் தலையசைத்தனர். ஆயினும் க்ஷயத்திற்கு மருந்துண்டு, இதற்கு அன்று மருந்தில்லை என்னும் வேற்றுமையை அவரும் கேட்டிலர், யாமும் சொல்லவில்லை. வழக்கில் வெல்லல் எளிதாயிருந்தது.

அது நிற்க. சோதனைத் தாளில் 22 என்றொரு எண் இருந்தது. அஃது யாதென்று அறியவே இரண்டு நாள் சென்றன. இவ்வைரஸின் பரம்பரைச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் நூலிழையில் எழுதப்பட்டுள்ளது. சோதனைச்சாலையார் அதனை முதலில் டி.என்.ஏ. ஆக மாற்றிக்கொண்டு, பின்னர் அதன் ஒரு பகுதியைச் சூடேற்றியும் ஆற்றியும் ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காக்குவர். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்துக் கேட்ட புலவன் கதை நேயர் அறிந்ததே, அதே பெருக்கந்தான். 22 சுற்றில் ஒன்று 41 லட்சத்துக்கு மேலாகும். 35 சுற்றில் 3,400 கோடிக்கு மேலாகும். ஆகவே சளியில் வைரஸ் மிகுந்திருப்பின் சில சுற்றுக்களிலேயே கருவி கண்டுகொள்ளும். குறைந்திருப்பின் பல சுற்று வேண்டும். 35 சுற்றுக்குள் தோன்றாவிடின் நம் நாட்டில் இல்லையென்று கொண்டனர். எண் சிறிதாயின் வைரஸ் பெரிது. இம்முறையை 1983-ஆம் ஆண்டில் கண்ட காரி மல்லிஸ் என்னும் அமெரிக்கர் 1993-இல் நோபெல் பரிசு பெற்றார். யாம் இதனை வீட்டார்க்கு விளக்கியபோது தந்தையார், "அப்படியானால் இருபத்திரண்டு நல்லதா, கெட்டதா?" என்றார். நல்லதன்று என்று அறிந்திருந்தும், நடுத்தரம் என்று கூறி அகன்றோம்.

அவ்விழையில் உள்ள எழுத்துக்கள் 29,903. அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே மீண்டும் மீண்டும் வருவன. அச்சிட்டால் இம்மலரில் ஏறக்குறைய இருபது பக்கத்தில் அடங்கும். உலகத்தின் கடைகளையும் கோயில்களையும் பள்ளிகளையும் மூடிவிட்ட நூல் இருபது பக்கமே என்பது எமக்கு உறக்கத்தைக் கெடுத்தது. ஜாங் யாங்ஜன் என்னும் சீன விஞ்ஞானியின் குழுவினர் அவ்வெழுத்துக்களை 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே உலகறிய வெளியிட்டனர். நம் நாட்டில் முதல் நோயாளி, ஊஹான் நகரினின்றும் கேரளத்துக்கு மீண்ட மாணவி, கண்டறியப்பட்டது அம்மாதம் 30-ஆம் நாளே. நோயாளி வருமுன் நோயின் எழுத்து வந்துவிட்டது. இதன் அருமை 1918-ஆம் ஆண்டின் விஷசுரத்தை நோக்கின் விளங்கும். அவ்வாண்டு நம் நாட்டில் பல லட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியம் என்றே அறிஞர் பலர் மயங்கினர். மனிதரைப் பற்றும் அவ்வைரஸ் தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1933-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில். நோயேற்றப்பட்ட மரநாய்வகைப் பிராணியொன்று வில்சன் ஸ்மித் என்னும் ஆராய்ச்சியாளரின் முகத்தில் தும்ம, அவரும் நோயுற்றாராம். சாஸ்திரம் சில வேளைகளில் இங்ஙனமும் நிரூபணம் பெறுகின்றது.

இவ்வகை வைரஸின் உருவத்தை மின்னணு நுண்காட்டியில் முதன்முதல் கண்டு காட்டியவர்களுள் தலையாயவர் ஜூன் அல்மெய்டா என்னும் மாது. கிளாஸ்கோ நகரத்துப் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகள். பதினாறு வயதில் பள்ளியை விட்டுச் சோதனைச்சாலையில் ஊழியம் புரியச் சென்றவர். 1960-களில் லண்டனில் அவர் எடுத்த படங்களில் உருண்டையைச் சூழ்ந்து முடிபோல் முட்கள் நின்றன. முடி என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லே பெயராயிற்று. புதிய வைரஸும் அவ்வடிவினதே. குறுக்களவு மில்லிமீட்டரில் பதினாயிரத்திலொரு பங்கு. அம்முள், நம் உடலணுவின் மேலுள்ள ஏசிஇ2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உட்புகும். தமையனார் மணமிழந்ததற்கும் காரணம் இதுவே. மணமறியும் நரம்பணுக்களை அது தாக்குவதன்று. அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களிலேதான் ஏசிஇ2 மிகுதி என்று அவ்வாண்டிலேயே கண்டனர். துணையணுக்கள் மீண்டும் வளரும். ஆகவே மணமும் பெரும்பாலும் மீளும். இதனைக் கதவுக்கு வெளியே நின்று யாம் படித்துக் காட்ட, உள்ளே தமையனார் விம்மியழுதார். வைத்தியர் கொடுத்த மாத்திரையைவிட அது அவர்க்கு இதம் செய்தது என்று இன்றும் கூறுவார்.

இனி, எம் பிழைக்கு வருவோம்.

உள்ளறைக்கு ஒரு சாளரம். கூடத்திற்கு ஒரு சாளரம். இரண்டும் கீழ்த்திசையில் பக்கத்து வீட்டை நோக்கியவை. இடையே கைகள் இரண்டையும் விரித்தால் எட்டும் சந்து. பக்கத்து வீட்டு அம்மையார் நல்லவர். தகரம் அடித்த அன்றே எமக்குப் பாலும் தீப்பெட்டியும் கயிற்றில் கட்டி மேல்மாடியினின்று இறக்கியவர். அவர்க்குப் பிறந்து நாற்பது நாளான பேரக்குழந்தை ஒன்று இருந்தது. "தவறாக நினைக்க வேண்டாம். குழந்தை இருக்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளுங்கள்" என்று அவர் கேட்டபோது, யாரும் மறுத்திரார். யாமும் உடனே சாத்தினோம். மறுக்கக் காரணமும் எமக்கில்லை. யாம் கற்ற சாஸ்திரம் அங்ஙனம் இருந்தது. இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் நீர்த்திவலைகளே நோயைச் சுமப்பன; அவை கனமுடையன ஆதலால் சில அடி தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும் என்று படித்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் மார்ச்சு மாதம் 28-ஆம் நாள், இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று ஐயமறக் கூறியிருந்தது. அந்நிறுவனம் ஒரு மீட்டர் விலகுக என்றது. நம் நாட்டில் ஆறடி என்றனர். யாம் நாடாவும் சுண்ணக்கட்டியும் கொண்டு உள்ளறை வாயிலினின்று ஆறடி அளந்து கூடத்தில் ஒரு கோடிழுத்தோம். இடமின்மையால் ஆயாவின் கயிற்றுக் கட்டில் அக்கோட்டிற்கு அரையடி அப்பால் அமைந்தது. ஆறடியினும் அரையடி மிகுதியன்றோ என்று மகிழ்ந்தோம். உள்ளறைக் கதவு அடியில் நான்கு விரற்கிடை இடைவெளியுடையது. அதனை யாம் பொருட்படுத்தவேயில்லை.

ஜூன் மாதத்துப் புழுக்கத்தை எம் பகுதியார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மின்விசிறி, உள்ள காற்றையே சுற்றிச் சுற்றி வீசியது. ஆயா நாள்தோறும் முறையிடுவார். "ஏண்டாப்பா, காத்தே இல்லாம மனுஷி எப்படிக் கிடக்கிறது? சாயங்காலமானா கடற்காத்து வருமே, அதையாவது விடு" என்பார். யாம் ஆறடியையும் குழந்தையையும் எடுத்துரைப்போம். அவர் முன்னாளில் தம் தாய்வீட்டில் அம்மை கண்டபோது நோயாளியைத் திண்ணையில் வேப்பிலையோடு கிடத்தினர் என்றும், அறையில் அடைக்கவில்லை என்றும் சொல்வார். ஆயா சொன்னது சரியென்று முன்னமே அறிந்திருந்தார் என்று யாம் கதை கட்ட விரும்பவில்லை. அவர் வேண்டியது குளிர்ச்சி. அதற்கு மேல் யாதுமில்லை. நாணயத்தைச் சவுக்காரத்தில் ஊறவைப்பதில் எம்மைவிட அவரே முனைந்து நின்றார். ஆயினும், காரணம் வேறாயினும் அவர் கேட்டது கொடுத்திருக்கத் தக்கதே.

19-ஆம் நாள் முதல் சென்னையிலும் அதனையடுத்த மாவட்டங்களின் பல பகுதிகளிலும் முழு ஊரடங்கு வந்தது. எமக்கு அதனால் வேற்றுமையில்லை; ஊர் முழுவதும் எம்மைப்போலாயிற்று என்று சிறிது ஆறுதலும் கொண்டோம். 21-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சூரிய கிரகணம். வடநாட்டின் சில பகுதிகளில் கங்கணமாகத் தோன்றிய அது சென்னையில் பகுதிக் கிரகணமே. ஆயா உண்ணாமல் படுத்திருந்தார். தமையனாரும் விரும்பியபடி, அன்னையார் உள்ளறைக் கதவருகே சாம்பிராணி வைத்து வந்தார். தெருவிற்குச் செல்ல இயலாமையால், யாம் கூடத்திற்குத் தெற்கிலிருந்த அடுக்களையின் சிறு பலகணியில் ஓர் அட்டையைப் பொருத்தி ஊசித்துளையிட்டு, அதன் வழியே வந்த ஒளியைத் தாளில் ஏற்றுக் கிரகணம் பார்க்க முயன்றோம். நண்பகலில் ஞாயிறு ஏறக்குறையத் தலைக்கு நேரே நின்றமையால் அம்முயற்சி பயன்படவில்லை. ஓட்டின் இடையே இருந்த கண்ணாடி வழியே கூடத்தில் இறங்கிய ஒளிக்கற்றையைத்தான் கண்டோம். அதில் சாம்பிராணிப் புகையும் தூசியும் மிதந்தன. அவை வீழவில்லை. யாம் நெடுநேரம் நோக்கியிருந்தோம். அவை ஏறின, இறங்கின, ஆயாவின் கட்டிலுக்கு மேலே திரிந்தன. தரையில் விழுந்தது ஒன்றையும் காணோம். அப்போது ஆயா கண் திறவாமலே, "உள்ளே வைச்ச சாம்பிராணி இங்கே நல்லா மணக்குது" என்றார்.

சுண்ணக்கோடு அவர் கட்டிலுக்கும் உள்ளறைக்கும் இடையே வெண்மையாகக் கிடந்தது. புகைக்கு அது தெரியவில்லை.

பௌதிக வகுப்பினர் யாவரும் முதலாண்டில் ஒரு சோதனை செய்வர். உயர்ந்த கண்ணாடிக் குழாயில் ஆமணக்கெண்ணெய் நிரப்பி, சிறு எஃகுக் குண்டுகளை இட்டு, வீழும் வேகத்தால் எண்ணெயின் பாகுத்தன்மையைக் காண்பது. ஸ்டோக்ஸ் என்பாரின் விதி அது. வேகம் குண்டினது விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். யாமும் அச்சோதனையைச் செய்து, எண்ணெய் மேலங்கியிற் சிந்தி, பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றோம். எண்ணெய்க்குப் பதில் காற்றையும், குண்டுக்குப் பதில் நீர்த்திவலையையும் வைத்தால் என்னாகும் என்று அன்றுவரை கருதினோமில்லை. பெட்டியினின்று ஏட்டை எடுத்துக் கணக்கிட்டோம். மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு விட்டமுள்ள திவலை, ஒருவர் வாயினின்று தரைக்கு வர ஐந்தாறு வினாடி போதும். விட்டம் இருபதிலொரு பங்காகக் குறைந்து, ஐந்து மைக்ரான் ஆயின், அரைமணிக்கு மேல் வேண்டும். ஒரு மைக்ரான் ஆயின், அசைவற்ற காற்றிலும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். காற்றோ அசைவற்றதன்று, மேலே விசிறி சுழல்கின்றது. வைரஸோ ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்கு. அத்திவலைக்குள் அதற்குத் தாராளமான இடமுண்டு.

மூன்று முறை கணக்கைத் திருப்பிப் பார்த்தோம். பின்னர், யாம் யார், உலகத்து நிபுணர்கள் யார் என்று ஏட்டை மூடினோம். தந்தையாரிடம் கூறியபோது அவரும், "பெரியவர்கள் தெரியாமலா சொல்லியிருப்பார்கள்? அந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது" என்றார். யாம் கற்றதைச் சொல்லி அவரை நம்பச் செய்திருக்கலாம். தெருவினரைத் தகரத்தட்டிக்கு இப்புறமிருந்து நம்பச் செய்த நா அன்று எழவில்லை. இரவு படிக்கையில் மற்றொன்றும் கண்டோம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் பாடகர் குழுவொன்று ஒரு தேவாலயத்தில் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர் 61, நோயுற்றவர் 53, மாண்டவர் இருவர். ஒருவரையொருவர் தழுவாமல், கைகுலுக்காமல் எச்சரிக்கையாகவே இருந்தனராம். அது மே மாதமே அச்சாகி வந்த செய்தி. அதனைப் படித்தும் காலையில் திறக்கலாம் என்று உறங்கினோம். காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொட்டில் சந்தை ஒட்டி ஆடுவது காதிற் பட்டது, திறந்திலோம்.

22-ஆம் நாள் மாலை ஆயாவுக்குச் சுரம். யாம் அப்போதுதான் இரு சாளரங்களையும் திறந்தோம். அம்மையாரைக் கூவியழைத்து, வெளிக்காற்றில் கலந்தது அடுப்புப் புகைபோல் பரந்து தேய்ந்துவிடும், அடைத்த அறையிலேதான் தங்கிப் பெருகும், தொட்டிலை மட்டும் மறுபக்கத்து அறைக்கு மாற்றுக என்று சொன்னோம். அவர் மறுமொழியின்றி மாற்றினார். அவ்வளவு எளிதாயிருந்தது அது. பத்து நாளாக யாம் கேளாத ஒன்று.

ஆயாவுக்கு எந்நாள் தொற்றியது என்று எவராலும் உறுதி கூற இயலாது. தொற்றியவர்க்குப் பெரும்பாலும் ஐந்து நாளளவில் குறி தோன்றும். இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கும் ஆகலாம். பதினான்கு நாள் விதியே அக்கணக்கிற் பிறந்ததுதான். அவர்க்குச் சுரம் கண்டது சாத்திய பத்தாம் நாள். சாத்துமுன் தொற்றியிருத்தலும் கூடும். கணக்கு அவ்வழியை அடைக்கவில்லை, குறுகலாக்கியது. அக்குறுகல் வழியில் யாம் பலமுறை தப்பிச் செல்ல முயன்றிருக்கின்றோம்.

29-ஆம் நாள் விரலில் மாட்டும் கருவி 89 என்று காட்டியது. 94-க்குக் குறைதலாகாது. வண்டி வரவழைத்து அரசினர் வைத்தியசாலை ஒன்றிற் சேர்த்தோம். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஆயா எம்மைப் பார்த்தார், பேசவில்லை. அவர்க்குப் பிராணவாயுவும் டெக்ஸாமெதசோன் என்னும் மருந்தும் கொடுத்தனர். அம்மருந்தின் வரலாற்றையும் யாம் அடைபட்ட நாட்களிலேயே படித்திருந்தோம். ஜூன் மாதம் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் பெருஞ்சோதனையொன்றின் முடிபு வெளிவந்தது. மூச்சுக்கருவியில் இருந்தோருள் மூன்றிலொரு பங்கு மரணத்தையும், பிராணவாயு மட்டும் பெற்றோருள் ஐந்திலொரு பங்கு மரணத்தையும் அது குறைத்தது. விலை மிக மலிவான பழைய மருந்து. இம்முடிபு வெளிவந்து பதின்மூன்றாம் நாள் அது எம் ஆயாவின் உடலிற் புகுந்தது. சாஸ்திரத்தின்மேல் எமக்குள்ள மனத்தாங்கலை யாம் எடுத்துரைக்குங்கால் இதனை மறைத்தல் நேர்மையன்று.

பதினொரு நாள் கழித்து ஆயா திரும்பினார். அவ்வாரத்திலேயே, லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் என்னும் இருவர் எழுதி 239 விஞ்ஞானிகள் உடன்பட்ட கடிதம் ஒன்று வெளிவந்தது: இந்நோய் காற்றிலும் பரவுகின்றது, அதனை ஒப்புக்கொள்க என்பது அதன் வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனம் முதலில் அடைத்த இடங்களில் அது கூடும் என்று தயங்கியே கூறியது. 2021-ஆம் ஆண்டில்தான் தெளிவாக எழுதியது. பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் அவ்வாண்டில் சிலர் துருவிக் கண்டனர். வெல்ஸ் என்னும் அமெரிக்கர், சிறு திவலைகள் விழுமுன்னே உலர்ந்து காற்றில் மிதக்கும் என்று 1934-ஆம் ஆண்டிலேயே எழுதியவர். விழுவதற்கும் மிதப்பதற்கும் எல்லை ஏறக்குறைய நூறு மைக்ரான் என்பது அவர் கணக்கின் போக்கு. ஐந்து மைக்ரான் என்பதோ, க்ஷயரோகக் கிருமி நுரையீரலின் அடிவரை செல்லுதற்கேற்ற அளவு. பின்வந்தோர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கி, ஐந்துக்கு மேற்பட்டன யாவும் உடனே விழும் என்று பாடநூல்களில் எழுதிவிட்டனர். எழுதியதைப் பார்த்து எழுதினர். ஆமணக்கெண்ணெய்ச் சோதனை செய்த மாணாக்கன் எவனும் கணக்கிட்டிருக்கலாம். கணக்கிட்ட ஒருவனும் ஏட்டை மூடிவிட்டான்.

இதனை யாம் ஆயாவிடம் ஒருநாள் சொன்னோம். கோட்டையும் கட்டிலையும், கணக்கையும், திறவாது விட்ட அந்த ஒரு நாளையும் சொல்லி, எம்மாலேயே உமக்கு நோய் வந்திருக்கலாம் என்றோம். அவர் நெடுநேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். வைத்தியசாலையினின்று வந்தது முதல் நடை தளர்ந்திருந்தது. பின்னர், "அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் வரலையே?" என்று கேட்டார். வரவில்லை என்றோம். "சரி, கோட்டை அழிச்சுடு. வழுக்குது" என்றார்.

சுண்ணக்கோட்டை ஈரத்துணியால் துடைத்தோம். சாளரங்கள் அன்று முதல் திறந்தே கிடக்கின்றன. மழைக்காலத்தில் அயப்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து கொசு வரும். அப்போதெல்லாம் ஆயா கட்டிலில் இருந்தபடியே, "அடேய், இந்த ஜன்னலைச் சாத்தேண்டா, கடிச்சுப் பிடுங்குது" என்று கூவுவார். யாம் வலை வாங்கி வந்து அடித்தோம்.